ரசமட்டமும் முட்டிவலி மாத்திரையும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாருக்கும் தெரியாது. தொழிலில் அவர் பெயர் ரசமட்டம். வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். தரை ஏறி இறங்காமல் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த ஒரு நீளக் கட்டை வைத்திருப்பார்கள் இல்லையா, அதுதான் ரசமட்டம். அதை வைத்துப் பார்க்காமல் இவர் எதையும் நம்ப மாட்டார். வேலையில் மட்டும் என்றால் போகட்டும். டீக்கடையிலும் கிளாஸை மேசைமேல் வைத்து, டீ எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்ப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மனைவி அலறிவிட்டாள். பார்த்தால், இவர்தான். கட்டிலின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஊர்த் தரையையெல்லாம் சமன் செய்த மனிதருக்கு, வயது அறுபதைத் தொடப் போகும் நேரத்தில் சொந்த முட்டி ஏமாற்றிவிட்டது.

அது ஒரு குளியலறை வேலை. மண்டி போட்டுக் கடைசி வரிசையை ஒட்டி முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது முட்டிக்குள் யாரோ மணலைக் கொட்டி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். சுவரைப் பிடித்தார், வாளியைப் பிடித்தார், வாளி கவிழ்ந்தது. வெளியே கட்டரில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்த மச்சான் சத்தம் கேட்டு ஓடி வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

"என்ன மாப்ள, குளிக்க வந்தியா, வேலைக்கு வந்தியா?"

மச்சான் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஏன் என்று சொல்லவேண்டும். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். உறவு பிறகு வந்தது, சிநேகம்தான் முதலில். ஒரே மேஸ்திரியிடம் திட்டு வாங்கித் தொழில் கற்ற இரண்டு பேர். ஒருவர் மண்டி போட்டு ஒட்டினால் மற்றவர் நின்றபடி அறுத்துக் கொடுப்பார், கலவை குழைப்பார். அலுத்தால் இடம் மாறிக்கொள்வார்கள். மச்சானின் மனைவி இறந்துபோய்ச் சில வருடங்களாகின்றன. மாடி அறையில் தனியாக இருக்கிறார், சாப்பாடு கீழே தங்கை வீட்டில். வேறு ஊரில் கடை வைத்திருக்கும் மகன் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "மாமாவால முடியலன்னா நீ மட்டும் அங்க என்னப்பா பண்ணப்போறே? கிளம்பி வா. கடையில உக்காந்துக்கோ." மச்சானுக்குக் கடையில் உட்காருவது என்றால் ஜெயிலில் உட்காருவது மாதிரி. ஆனால் ஒற்றை ஆளாகத் தரை வேலை செய்ய முடியாது. ஆகக் கணக்கு சுலபம். ரசமட்டத்தின் முட்டி நிமிர்ந்தால் மச்சான் இங்கே. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்த வேலை ஒரு பெரிய ஹால். ரசமட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டி போட்டு ஒரு வரிசை ஒட்டினார். மச்சான் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, மட்டம் போச்சே."

"எங்க போச்சு?" என்று இவர் கட்டையை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் மச்சான் அதை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"கட்டையெல்லாம் எதுக்கு? எனக்குக் கண்ணு இருக்கு. வயசாச்சு மாப்ள உனக்கு, கை நடுங்குது. எழுந்து கட்டருக்குப் போ. கீழ நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்காரர் முன்னால்! இத்தனை வருடத் தொழிலில் ரசமட்டத்தை இப்படி யாரும் மட்டம் தட்டியதில்லை. தட்டியது சொந்த மச்சான். முகம் சிவந்துபோய்க் கட்டருக்குப் போனார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்க அண்ணனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று பொருமினார். அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் தரை மச்சானுக்கு, கட்டர் இவருக்கு என்றே ஆகிவிட்டது. இவருக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

இந்த முட்டிவலி இருக்கிறதே, அதை மட்டும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் தெருவே வைத்தியராகிவிடும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு இலையைக் கட்டச் சொன்னாள். கட்டினார், தோல் வெந்தது. டிரைவர் ஒருவர் ஒரு வேரை எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தார். தேய்த்தார், வீடு முழுக்க நாற்றம், வலி போட்ட இடத்தில் போட்டபடி. கடையில் வாங்கிய வலிமாத்திரை வலிக்குக் கேட்டது, ஆனால் வயிற்றைப் பிடுங்கியது. கடைசியில் மனைவிதான் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மச்சானும் கூடப் போனார். அவருக்கும் முட்டியில் லேசாகக் குத்தல் உண்டு, அதைக் காட்டிவிடலாம் என்று.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். அது தேஞ்சுபோச்சு. மண்டி போட்டே வேலை பாக்கறவங்களுக்கு நிறைய வரும்."

"ஸ்பேசர் போயிடுச்சுங்கறீங்க" என்றார் ரசமட்டம். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட வைக்கிற பிளாஸ்டிக் துண்டைச் சொன்னார். "இடைவெளி இல்லாம ஒட்டினா டைல்ஸே தூக்கிக்கும் டாக்டர். முட்டி எந்த மூலைக்கு!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு, அங்கே நடக்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஒரு கிழங்கிலிருந்தும் ஒரு மரத்துப் பிசினிலிருந்தும் சில சத்துகளை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கியிருக்கிறார்கள். வீக்கத்தை அது தணிக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. மனிதர்களின் முட்டியில் வேலை செய்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

"செடியிலேர்ந்து வந்ததுதானே, கெடுதல் இருக்காது" என்றார் மச்சான்.

"விஷமும் செடியிலேர்ந்துதாங்க வருது. அதனாலதான் சோதிச்சுப் பாக்கறோம். சேர இஷ்டமிருந்தா சேரலாம், கட்டாயமில்ல. ஆனா ஒண்ணு. பாதிப் பேருக்குத்தான் நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்துல, அதே அளவுல வெறும் மாவு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"குடுக்கற உங்களுக்கே தெரியாதா? நல்ல கூத்து!"

"தெரிஞ்சா, நிஜ மாத்திரை சாப்பிடறவரைப் பாத்ததுமே 'அட, நல்லாயிருக்கே'ன்னு நான் சொல்லிடுவேன். அவரும் ஆமான்னு தலையாட்டிடுவார். அப்புறம் உண்மை எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பாட்டிலைக் கையில் கொடுத்தார். "இதை வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. வேற யார்கிட்டயும் வாங்கிச் சாப்பிடவும் கூடாது. புரிஞ்சுதா?"

இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

புரிந்த லட்சணம் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரசமட்டம் யோசனையில் இருந்தார்.

"என்னங்க, அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒருத்தருக்கு நிஜம், ஒருத்தருக்கு மாவுன்னா என்ன பண்றது? எனக்கு நல்லாகி மச்சானுக்கு ஆகலன்னாலும் தரை வேலை கிடையாது. அவனுக்கு ஆகி எனக்கு ஆகலன்னாலும் கிடையாது."

"அதுக்கு?"

"பெட்டியைப் பிரிச்சுக் கலந்துட வேண்டியதுதான்."

டைல்ஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே டைல்ஸ்தான், ஒரே கம்பெனிதான்; ஆனால் பெட்டிக்குப் பெட்டி நிறம் ஒரு துளி மாறும். ஷேட் என்பார்கள். ஒரு பெட்டியை ஒட்டி முடித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தால், தரையில் பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் பட்டை விழும். அதனால் நாலைந்து பெட்டிகளை ஒன்றாகப் பிரித்து, கலந்து எடுத்து ஒட்டுவார்கள். அப்போது எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ரசமட்டத்துக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. இரண்டு பெட்டி கண்ணில் பட்டால் கை தானாகக் கலக்கும்.

"டாக்டரம்மா வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

ரசமட்டத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மட்டம் தட்டின கோபம் இன்னும் ஆறவில்லைதான். அதற்காக?

"உங்க அண்ணன் எனக்கு வேற ஆளா?"

அவள் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். மச்சான் சாப்பிட இறங்கி வந்ததும் இரண்டு பாட்டிலையும் அதில் கவிழ்த்து, கலவை குழைக்கிற கையாலேயே கலக்கி, திரும்பப் பங்கு பிரித்தார்கள். மச்சான், "நியாயமான ஆளுய்யா நீ" என்று தோளில் தட்டினார். எல்லோருக்கும் ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி. ஒவ்வொரு தடவை புதுப் பாட்டில் வந்தபோதும் இதே கதைதான்.

வாரங்கள் போகப் போக ரசமட்டத்துக்கு வலி இறங்கியது. நம்பவே முடியவில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடிக்காமல் நின்றார். மாடிப்படி ஏறினார். ஒருநாள் செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட, யோசிக்காமல் முட்டி போட்டு எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. "ஏய், இங்க வா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டு, செருப்பை மறுபடி உள்ளே தள்ளி, மறுபடி முட்டி போட்டு எடுத்துக் காட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. முன்பு குத்தல் என்றவர், இப்போது வேலை முடிந்து வந்தால் மாடி ஏறக் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு ஏறினார். கேட்டால், "உனக்கு நல்லா இருக்கில்ல, போதும்" என்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடச் சொல்வார்கள். முதலில் எட்டு போட்ட ரசமட்டம் இந்த முறை மூன்று என்றார். டாக்டரம்மா மறைக்கப் பார்த்தும் முகம் மலர்ந்துவிட்டது. அது இவருக்கு என்னவோ போலிருந்தது. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் வரிசையாக முட்டிக்காரர்கள். ஒரு அம்மா, எழுந்திருக்க மூன்று தடவை முயன்று, தோற்று, சுற்றும் முற்றும் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் எதிரே தரையில் அந்த டைல்ஸ் கண்ணில் பட்டது. உடைந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறு பெட்டியிலிருந்து ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அது மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது. வேறு பெட்டி என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். கலந்து ஒட்டியிருந்தால் தெரியாது, என்று எண்ணியவர் அப்படியே நிமிர்ந்தார்.

தெரியாது. கலந்தால் தெரியாது. தரைக்கு அதுதான் அழகு. ஆனால் இந்த டாக்டரம்மா மாதக்கணக்காகப் பாடுபடுவது, எது எந்தப் பெட்டி என்று தெரிந்துகொள்ளத்தானே? ஷேட் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர் செய்கிற வேலையில், இவர் ஷேட் தெரியாமல் ஒட்டி வைத்திருக்கிறார்.

மச்சான் வெளியே வந்ததும், கலந்ததை டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றார் ரசமட்டம். மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்து மூலைக்குக் கொண்டுபோனார்.

"பைத்தியமா உனக்கு? சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

"நிறுத்தினா நீ மறுபடி உக்காந்துடுவே. நீ உக்காந்தா நான் பையன்கிட்டப் போகணும். அந்தக் கடையில என்னால உக்கார முடியாது மாப்ள. உன் வாயைக் கொஞ்ச நாள் மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

"அந்த அம்மாவைப் பாரு" என்றார் ரசமட்டம். இப்போது அந்த அம்மா எழுந்து நின்று, முதல் அடி வைக்கத் தயங்கிக்கொண்டிருந்தார். "நாளைக்கு இவங்களுக்கு இந்த மாத்திரையைக் குடுக்கறதா வேண்டாமான்னு நம்ம முட்டியைக் கேட்டுத்தான் சொல்லப்போறாங்க. நம்ம முட்டி சொல்றது பொய்யி மச்சான்."

கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். முட்டி திரும்பப் போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. சொல்லத் தொடங்குவதற்குள் பின்னாலேயே மச்சானும் வந்துவிட்டார்.

"கலக்கச் சொன்னது நான்தான் டாக்டர். இவன் மேல தப்பில்ல."

"பொய் சொல்றான் டாக்டர். நான்தான் கலந்தேன்."

"எதைக் கலந்தீங்க?" என்றார் டாக்டரம்மா. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வேற யாருக்கும் குடுக்காதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே!"

"மச்சான் வேற யாரும் இல்லீங்களே டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மிச்ச மாத்திரைகளைத் திருப்பித் தரவேண்டும், இனி இருவரும் ஆராய்ச்சியில் இல்லை, எல்லாம் முடிந்ததும் பாட்டிலில் இருந்தது எது என்று சொல்லி அனுப்புகிறேன் என்றார். கிளம்பும்போது, "இப்பவாவது சொன்னீங்களே. தெரியாமலே சேத்திருந்தா கணக்கே தப்பாயிருக்கும்" என்றார். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் நன்றி இருந்தது.

அதன் பிறகு ரசமட்டம் தினமும் காலையில் முட்டியை அழுத்திப் பார்ப்பார். இன்று வரும், நாளைக்கு வரும் என்று வலிக்காகக் காத்திருந்தார். அது வருவேனா என்றது. கொஞ்சம் ஏறும், இறங்கும். பழைய மாதிரி அரைக்கவில்லை. மாத்திரை நின்று எத்தனையோ வாரமாகியும் முட்டி ஏன் நன்றாக இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மச்சான் வேலையில் இருந்தார். இவர் மட்டும் போனார்.

"ரெண்டு பாட்டில்லயும் இருந்தது மாவுதாங்க" என்றார் டாக்டரம்மா. "உங்களுதும் மாவு, உங்க மச்சானோடதும் மாவு."

மாவையும் மாவையும் போட்டு அத்தனை நியாயமாகக் கலந்திருக்கிறார்கள்! ரசமட்டம் விழித்தார். "அப்ப என் முட்டி?"

"வலி தானாவே ஏறி இறங்கும். நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்யும். ஆராய்ச்சி முடிஞ்சுது, அந்த மருந்து நிஜமா எவ்வளவு கேக்குதுன்னு இப்பத்தான் கணக்குப் பாத்துக்கிட்டிருக்கோம். ஆனா உங்களுக்கு இறங்கினது ரொம்ப. அந்த மாசங்கள்ல வேற என்ன மாத்தினீங்க? சாப்பாடு, நடை, வேலை?"

"ஒண்ணும் மாத்தலையே டாக்டர். அதே வேலைதான். கட்டர்ல நின்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"மண்டி போட்டு ஒட்டுவேன்."

"அப்ப மண்டி போடறதை நிறுத்திட்டீங்க. அதான் பெரிய மருந்து" என்றவர், எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "உங்களுக்குப் பதிலா யார் மண்டி போட்டாங்க?"

முதுகுக்குப் பின்னால் கட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு மச்சான் நின்ற நிற்பு ரசமட்டத்தின் கண்முன்னால் வந்தது. கட்டையை வைத்துப் பார்த்திருந்தால் மட்டம் சரியாக இருந்திருக்கும். அது தெரிந்துதான் ஒளித்திருக்கிறான் படுபாவி. உனக்குக் கால் முடியவில்லை, எழுந்திரு என்று சொல்லியிருந்தால் இவர் எழுந்திருப்பாரா? மாட்டார். அதனால் மட்டம் தட்டி எழுப்பியிருக்கிறான். தட்டிவிட்டு, அத்தனை தரையையும் தன் முட்டியால் சுமந்திருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ரசமட்டம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் வேலை ஒரு படுக்கையறையில். மச்சான் மண்டி போட்டு இரண்டாவது வரிசையில் இருந்தார். ரசமட்டம் கட்டரை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். கதவோரம் வீட்டுக்காரி நின்றாள். நல்லதாயிற்று.

"என்ன மச்சான், மட்டம் போச்சே."

மச்சான் கையிலிருந்த ரப்பர் சுத்தியல் நின்றது. "எங்க போச்சு?"

"எனக்குக் கண்ணு இருக்கு. வயசாச்சு உனக்கு, எழுந்திரு. கட்டருக்குப் போ. இனிமே தரைன்னா ஒரு வரிசை நீ, ஒரு வரிசை நான். கீழ ஸ்டூல் போட்டுத்தான் உக்காரணும். முடியலன்னா சுவர் வேலை மட்டும் எடுப்போம், நின்னுக்கிட்டே ஒட்டலாம். உன் பையன்கிட்ட அப்பா வரலன்னு சொல்லிடு."

மச்சான் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி எழுந்தார்.

"கட்டை வச்சுப் பாத்தியா?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் ரசமட்டம்.

கட்டை அங்கேதான் சுவரில் சாய்ந்திருந்தது. வாழ்நாளில் அதை வைத்துப் பார்க்காமல் அவர் சொன்ன முதல் தீர்ப்பு அதுதான். பச்சைப் பொய்யும்கூட.